ஐம்பதாகிப் போன அரை சதவீதம்

அத்தியாயம் 6

"நான் ஜெயிலுக்குப் போறது இருக்கட்டும் மேடம். அரை பர்சன்ட்டுன்னா புள்ளி அஞ்சுதானே? அதை மட்டும் சொல்லுங்க."

தன் வீட்டில் எங்கள் எதிரே உட்கார்ந்து இப்படிக் கேட்டது மோகனா. தோல் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ படித்த பெண். ஆம்பூர் பக்கத்து டேனரியில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், டிரம் ஆபரேட்டர். ஆயிரக்கணக்கான தோல்களுக்கு ரசாயனம் அளந்து விட்டவள், இப்போது ஐந்தாம் வகுப்புப் பிள்ளை மாதிரி எங்களிடம் கணக்கு கேட்கிறாள். கேட்கக் கூடாத ஆளிடம் வேறு. புள்ளி வைத்த எண்களுக்கும் எனக்கும் பள்ளிக்கூடத்திலிருந்தே ஆகாது.

நல்லவேளை, என் முதலாளி பெர்சிஸ் மேடம் பக்கத்தில் இருந்தார். இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் கிளெய்ம்களைப் பிடிக்கும் வேலையில் இருந்து, அங்கே மேலதிகாரியின் மச்சானையே பிடித்துவிட்டு, வெளியே வந்து காட்பாடியில் சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் போட்டவர். நான் ஹம்மாத். ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தவன். வாய் அடங்காததால் வேலை போய், அதே வாய்க்காக மேடத்திடம் வேலை கிடைத்தவன்.

"புள்ளி அஞ்சுதான்மா. சரியா சொல்றே" என்றார் மேடம்.

"அப்ப நான் அதைத்தான் போட்டேன். போட்டேன்னுதான் நினைக்கிறேன்." மோகனா தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். "எல்லாரும் அம்பது அம்பதுன்னு சொல்லிச் சொல்லி, இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு. கண்ணை மூடினா விரல் அஞ்சையும் பூஜ்யத்தையும் அழுத்துற மாதிரியே தெரியுது."

நடந்தது இதுதான். முந்தாநாள் மத்தியானம், சுண்ணாம்பில் ஊறிய தோல்கள் சுற்றும் டிரம்மில் கொஞ்சம் ஆசிட் விட வேண்டியிருந்தது. தோல் எடைக்கு நூற்றுக்கு அரை. பேனலில் எண்ணைத் தட்டினால் மிச்சத்தை மெஷினே கணக்குப் போட்டு, மேல்தொட்டியிலிருந்து இறக்கிவிடும். அன்றைக்கு இறக்கியது இறக்கியதுதான், நிறுத்தவே இல்லை. சுண்ணாம்புத் தண்ணீரில் கலந்திருந்த சல்ஃபைடும் அவ்வளவு ஆசிட்டும் சேர்ந்து விஷவாயு கிளம்பிவிட்டது. டிரம்முக்குப் பின்னால் கால்வாயில் அடைப்பு எடுத்துக்கொண்டிருந்த ரத்தினசாமி என்ற தொழிலாளி அங்கேயே விழுந்துவிட்டார். இப்போது வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில், மூச்சு விடும் மெஷின் தயவில் கிடக்கிறார்.

இன்ஸ்பெக்டர் எடுத்த போட்டோவில் பேனல் பளிச்சென்று காட்டியது: 50.00 %. அரை போட வேண்டிய இடத்தில் ஐம்பது. சாயங்காலத்துக்குள் வேறு காரணம் தெரியாவிட்டால் மோகனாவைக் கைது செய்வேன் என்று அவர் சொல்லிவிட்டார். ரத்தினசாமி இறந்துபோனால் சாவுக்குக் காரணமானவள் என்ற கேஸ் அவள் தலையில் விழும்.

"மெஷின் கோளாறு மேடம். அதை மட்டும் நிரூபிச்சுக் குடுத்துடுங்க, போதும்." சுவரோரம் நின்றிருந்த ஜோவின் சொன்னான்.

இவன்தான் எங்களைக் கூட்டிவந்தவன். டேனரியின் பாதுகாப்பு அதிகாரி. முப்பது வயதுக்குள்தான் இருப்பான். முகமூடி மாட்டிக்கொண்டு விஷவாயுவுக்குள் தனியாகப் புகுந்து ரத்தினசாமியைத் தோளில் தூக்கி வந்தவன் இவன்தான். ஆம்பூர் முழுக்க அவன் போட்டோ செல்போனில் சுற்றிக்கொண்டிருந்தது. இப்போது மோகனாவுக்காகத் தன் சம்பளத்திலிருந்து எங்களுக்கு ஃபீஸ் கொடுக்கிறான். காலையில் அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கி, "உங்களை மாதிரி ஊருக்கு நாலு பேர் வேணும் தோஸ்த்" என்று சொல்லியிருந்தேன். அவன் கையை உருவிக்கொண்டான். தன்னடக்கம் என்று நினைத்தேன்.

"மோகனா, எண்ணைத் தட்டினதுக்கு அப்புறம் திரையைப் பார்த்தியா?" மேடம் கேட்டார்.

"பார்த்தேன். புள்ளி அஞ்சுதான் இருந்துச்சு. அப்புறம் பக்கத்து டிரம்முக்குப் போய்ட்டேன். நாத்தம் வந்ததும் ஓடிவந்து சிவப்பு பட்டனை அழுத்தினேன். அப்பவும் பார்த்தேன் மேடம். பூஜ்யம், புள்ளி, அஞ்சு, பூஜ்யம். அப்புறம்தான் கத்திக்கினே வெளிய ஓடினேன்."

"எண்ணுக்குப் பக்கத்துல பர்சன்ட் குறி இருந்துச்சா?"

மோகனா விழித்தாள். "அதை யாரு மேடம் பார்ப்பாங்க? டேனரில எல்லாமே பர்சன்ட்தான். அரை போடு, ஒண்ணரை போடுன்னுதான் சொல்லுவாங்க. பர்சன்ட்டுன்னு கூட வாயைத் திறந்து சொல்ல மாட்டாங்க."

"நல்லது" என்று எழுந்துவிட்டார் மேடம். இதில் நல்லது என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. மோகனாவின் அம்மா போட்டுவந்த டீயைக் கூடக் குடிக்க விடவில்லை.

ஜோவின் எங்களோடு வரவில்லை. ஆஸ்பத்திரியில் ரத்தினசாமி குடும்பத்துக்குத் துணையாக இருக்க வேண்டும் என்று பஸ் ஏறிப் போய்விட்டான். "மனுஷன்னா இவன்தான் மனுஷன்" என்றேன் நான்.

மேடம் காரை ஸ்டார்ட் செய்தார். "ஹம்மாத், கேஸ் முடியறதுக்குள்ள யாருக்கும் சர்ட்டிபிகேட் குடுக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது?"

---

டேனரியில் எங்களை வரவேற்றது புரொடக்‌ஷன் மேனேஜர் குர்ஷித். வரவேற்றது என்று சொல்வது கூட மரியாதைக்குத்தான். வாசலிலேயே வழி மறித்தார்.

"இன்னா மேடம் துப்பறியப் போறீங்க இதுல? அந்தப் பொண்ணு அரைக்குப் பதிலா அம்பது போட்டுடுச்சு. போட்டோ இருக்கு. வெளிநாட்டு பார்ட்டிங்க போன் மேல போன். எனக்கு ஏற்கனவே பேஜார் ஜாஸ்தி."

"பேஜார் உங்களுக்கு ஜாஸ்தி, மூச்சு அங்க ஒருத்தருக்குக் கம்மி" என்றேன்.

என்னை முறைத்தார். அந்த முறைப்பிலேயே முடிவு கட்டிவிட்டேன், குற்றவாளி இந்த ஆள்தான் என்று. அப்படி ஒரு மீசை.

டிரம் ஷெட்டைத் திறந்துவிட்டது எலக்ட்ரீஷியன் வில்சன். நிதானமான மனிதர். ஆசிட் குழாயை முழுசாக மூடி, மேல்தொட்டியைக் காலி செய்துவிட்டிருந்தார். அப்படியும் உள்ளே போனதும் அழுகிய முட்டை நாற்றம் லேசாக மூக்கில் ஏறியது. நான் கைக்குட்டையைத் தேடினேன்.

ஷெட் நீளமானது. நடுவில் ஒரே கதவு. உள்ளே போய் வலது பக்கம் திரும்பினால் டிரம்களின் பின்புறம், ரத்தினசாமி விழுந்த கால்வாய். இடது பக்கம் போனால், கடைசியில் இரும்பு மேடை மேல் பேனல். மேடம் கதவில் நின்று வலது பக்கம் பார்த்தார், இடது பக்கம் பார்த்தார், மறுபடியும் வலது பக்கம் பார்த்தார். ரோடு தாண்டுகிற மாதிரி இருந்தது.

பிறகு மேடையில் ஏறி, "ஹம்மாத், நீ மோகனா. தப்பு பண்ணு. அம்பதுன்னு அடி" என்றார்.

தப்பு பண்ணச் சொன்னால் எனக்குச் சொல்லியா தர வேண்டும். ஐந்தையும் பூஜ்யத்தையும் தட்டி, ஓகே பட்டனை அழுத்தினேன். பேனல் ஒரு அபஸ்வரம் எழுப்பிவிட்டு எண்ணை அழித்துவிட்டது. இன்னொரு தடவை தட்டினேன். இன்னொரு அபஸ்வரம்.

"எடுக்காது சார்" என்றார் வில்சன். "இருபதுக்கு மேல எந்த எண்ணைப் போட்டாலும் எடுக்காது. கை தவறி யாராவது போட்டுடக் கூடாதுன்னு அப்படி வெச்சிருக்கு."

குர்ஷித்தின் மீசை லேசாக ஆடியது.

"அப்ப மோகனா அம்பதைப் போடவே முடியாது" என்றார் மேடம் அமைதியாக. "இவ்வளவு பெரிய ஆலையில ரெண்டு நாளா அந்தப் பொண்ணைக் குத்தம் சொல்றீங்க. ஒருத்தராவது வந்து அம்பதுன்னு அடிச்சுப் பார்த்தீங்களா?"

எனக்குக் கோபம் வந்தது. போட்டோவில் இருக்கிறது என்று ஒருவர் சொல்ல, அதையே நூறு பேர் சொல்லி, கடைசியில் அவள் விரலையே அவள் நம்பாதபடி செய்துவிட்டார்களே என்று ஆத்திரமாக இருந்தது. பேனலை ஒரு தட்டு தட்டுவதற்கு எத்தனை நேரம் ஆகிவிடும்?

"ஆனா போட்டோ பொய் இல்லையே மேடம்" என்றார் வில்சன். "தொட்டி வேற பாதிக்கு மேல காலி. அரைதான் போட்டிருந்தா அவ்ளோ ஆசிட் எப்டி இறங்கும்?"

மேடம் பேனலின் மூலையில் இருந்த ஒரு சின்ன பட்டனைக் காட்டினார். அதன் மேல் ஒரு பக்கம் பர்சன்ட் குறி, மறு பக்கம் பூஜ்யம் புள்ளி பூஜ்யம் பூஜ்யம். "இது இன்னாது?"

"அதுவா. எண்ணை பர்சன்ட்லயும் காட்டும், வெறும் புள்ளிக் கணக்குலயும் காட்டும். நாங்க அதைத் தொடறதே இல்ல. தோல் வாங்கற வெளிநாட்டு பார்ட்டிக்கு மாசா மாசம் ரிப்போர்ட் அனுப்பறதுக்கு மட்டும் ஆபீஸ்காரங்க வந்து மாத்துவாங்க. அவங்க கம்ப்யூட்டர் பர்சன்ட் குறியை ஏத்துக்காதாம், புள்ளியிலதான் கேக்குமாம். மாத்தி, போட்டோ எடுத்துக்கினு, திரும்ப பழையபடி வெச்சுட்டுப் போவாங்க."

மேடம் அந்தப் பட்டனை அழுத்தினார். பர்சன்ட் குறி மறைந்தது. "ஹம்மாத், இப்ப புள்ளி அஞ்சு அடி."

அடித்தேன். பேனல் முனகாமல் வாங்கிக்கொண்டது. திரையில் 0.50. மோகனா பார்த்தேன் என்று சொன்ன அதே எண்.

"இப்ப பட்டனைத் திரும்ப அழுத்து."

அழுத்தினேன். திரை ஒரு நொடி இருண்டு, பிறகு காட்டியது: 50.00 %.

குர்ஷித், "யா அல்லாஹ்" என்று மெதுவாகச் சொன்னார். வில்சன் தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. அது என் முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்திருக்க வேண்டும்.

"ஒரு பெரிய தேக்சா நிறைய பிரியாணி இருக்கு. நூறு பேருக்குப் பண்ணது" என்றார் மேடம். ஆம்பூர்க்காரனுக்கு எதை வைத்துச் சொன்னால் புரியும் என்று அவருக்குத் தெரியும். "அதுல உனக்குப் புள்ளி அஞ்சுன்னா, எவ்ளோ வரும்?"

"புள்ளியா? எலும்பு கூட வராது மேடம்."

"பாதி தேக்சா வரும். முழுசுங்கிறது ஒண்ணு. அதுல புள்ளி அஞ்சுன்னா பாதி. அந்தப் பாதியைப் பர்சன்ட்ல சொல்லணும்னா நூறால பெருக்கணும். அம்பது பர்சன்ட். அம்பது பேர் சாப்பாடு."

"அரை பர்சன்ட்டுன்னா?"

"நூறு பிளேட்ல அரை பிளேட்."

இப்போது புரிந்தது. ஒரே புள்ளி ஐந்துதான். பக்கத்தில் அந்தக் குறி இருந்தால் அரை பிளேட், இல்லாவிட்டால் பாதி தேக்சா. இருபதைத் தாண்டாதே என்று காவல் வைத்தார்கள், ஆனால் அந்தக் காவல் எண்ணை மட்டும்தான் பார்க்கிறது. புள்ளி ஐந்து இருபதுக்குள்தானே. தாராளமாக உள்ளே விட்டுவிட்டது. குறியைப் பார்க்காமல் விட்டது மோகனா மட்டுமில்லை. பர்சன்ட்டிலேயே பிறந்து பர்சன்ட்டிலேயே வளர்ந்த இந்த ஷெட்டில் யாராக இருந்தாலும் அப்படித்தான் தட்டியிருப்பார்கள்.

"அப்ப மோகனா போட்டது சரி" என்றேன். "யாரோ ரிப்போர்ட்டுக்காக மாத்திட்டு, திரும்ப வைக்க மறந்துட்டாங்க."

"அது ஒரு தப்பு. மறதி, மன்னிச்சுடலாம்" என்றார் மேடம். "ஆனா மோகனா வெளிய ஓடும்போது திரையில இருந்தது 0.50. இன்ஸ்பெக்டர் போட்டோவுல இருக்கிறது 50.00, பர்சன்ட் குறியோட. நடுவுல ஒருத்தர் வந்து பட்டனை அழுத்தியிருக்காங்க. அது மறதி இல்ல. ரத்தினசாமி கீழ கிடக்கும்போது நடந்தது அது."

நான் குர்ஷித்தைப் பார்த்தேன். குர்ஷித் என்னைப் பார்த்தார்.

"என்னை இன்னாத்துக்குப் பார்க்கிறே?" என்றார். "நான் அன்னிக்கு ஆற்காட்டுல எங்க மாமா பொண்ணு நிக்காஹ்ல இருந்தேன். அங்க இருந்து மக்கன் பேடா ஸ்வீட் டப்பாவோட நேரா ஆஸ்பத்திரிக்குத்தான் வந்தேன். அந்த இன்ஸ்பெக்டரே பார்த்தாரு, டப்பாவை கையில வெச்சுக்கினு நான் அழுததை."

அவர் அழுதார் என்பதை என்னால் நம்ப முடியவில்லை. ஆனால் சொல்லும்போது குரல் உடைந்தது. மீசையை வைத்து ஆளை எடை போடக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"வில்சன், ஆபீஸ்ல உக்காந்துக்கினே இதை மாத்த முடியுமா?" மேடம் கேட்டார்.

"முடியாது மேடம். இங்க வந்து கையாலதான் அழுத்தணும்."

"மோகனா வெளிய வந்ததுக்கு அப்புறம், இன்ஸ்பெக்டர் வர்ற வரைக்கும் உள்ள யாரு போனாங்க?"

"யாருமே போகல. போனா உசுரோட வர முடியாதே. ஃபேனைப் போட்டு, ஃபயர் சர்வீஸ்காரங்க வந்து வாயுவெல்லாம் போனதுக்கு அப்புறம்தான் கதவுக்கிட்டயே போனோம். இன்ஸ்பெக்டரும் அவங்களோடதான் உள்ள வந்தாரு, வந்ததும் போட்டோ எடுத்தாரு."

"யாருமே போகலையா?"

வில்சன் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அப்படியே நின்றுவிட்டார். அவர் முகம் மாறுவதைப் பார்த்தபோதுதான் எனக்கும் உறைத்தது. காலையில் இரண்டு கையாலும் நான் பிடித்துக் குலுக்கிய கை.

"சிலிண்டர் மாஸ்க் ஒண்ணுதான் இருந்துச்சு" என்றார் வில்சன், சொல்ல மனசே இல்லாமல். "இன்னொண்ணு ரிப்பேருக்குப் போயிருந்துச்சு."

"மாச ரிப்போர்ட்டுக்கு போட்டோ எடுக்கிறது யாரு?"

குர்ஷித்தான் பதில் சொன்னார். "ஜோவின். அன்னிக்குக் காலையில எடுத்து அனுப்பினான்."

---

வேலூர் போகிற வழியில் பாதி தூரம் நான் வாயைத் திறக்கவில்லை. மேடமே ஒரு தடவை, "உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுதான் கொதித்தது.

"அவன் இன்னாத்துக்கு நம்மளைக் கூப்பிடணும் மேடம்? சும்மா இருந்திருந்தா ஊரே தலையில தூக்கி வெச்சிருக்குமே."

"மோகனா தப்பிக்கணும், தானும் தப்பிக்கணும். ரெண்டும் நடக்கணும்னா பழியை மெஷின் மேல போட்டாத்தான் உண்டு. அதுக்கு நம்ம கையெழுத்து வேணும். காலையில அவன் கேட்டதை யோசிச்சுப் பாரு. என்ன நடந்துச்சுன்னு கண்டுபிடிங்கன்னு ஒரு தடவையாவது கேட்டானா?"

கேட்கவில்லை. மெஷின் கோளாறு என்று நிரூபியுங்கள் என்றுதான் கேட்டான்.

ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே நீள பெஞ்சில் உட்கார்ந்திருந்தான் ஜோவின். எங்களைப் பார்த்ததும் எழுந்தான். மேடம் உட்காரச் சொன்னார், தானும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஜோவின், அந்தப் பேனல் அம்பதுங்கிற எண்ணை எடுக்கவே எடுக்காது."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். மறுக்கவில்லை, கோபப்படவில்லை. ரொம்ப நேரமாகச் சுமந்துகொண்டிருந்ததை இறக்கி வைக்க இடம் கிடைத்த மாதிரி தோள் இரண்டும் தளர்ந்தன.

"தெரியும் மேடம்" என்றான். "அன்னிக்கு ராத்திரிதான் ஞாபகம் வந்துச்சு. யாராவது அடிச்சுப் பார்த்துட்டா மாட்டிக்குவேனேன்னு பயந்தேன். யாருமே அடிச்சுப் பார்க்கல. எல்லாரும் மோகனாவைத்தான் திட்டினாங்க. அதைக் கேக்கக் கேக்க..." நிறுத்திக்கொண்டான்.

"சொல்லு."

"காலையில போட்டோ எடுக்கும்போது போன் வந்துச்சு. பேசிக்கினே இறங்கிட்டேன், பட்டனை மறந்துட்டேன். மத்தியானம் மோகனா கத்திக்கினு வெளிய வந்தா. 'புள்ளி அஞ்சுதான் போட்டேன், ஆசிட் நிக்கவே இல்ல'ன்னா. அந்த நிமிஷமே எனக்குத் தெரிஞ்சு போச்சு. மாஸ்க்கை மாட்டிக்கினு ஓடினேன். சத்தியமா அவரைத் தூக்கத்தான் ஓடினேன் மேடம்."

"கதவுக்குள்ள போனதும் எந்தப் பக்கம் திரும்பினே?"

அவன் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. கதவுக்கு வலது பக்கம் மனிதன், இடது பக்கம் பேனல். மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு, மேடை ஏறி, பட்டனை அழுத்திவிட்டு, அதற்கப்புறம்தான் வலது பக்கம் ஓடியிருக்கிறான்.

என்னால் அடக்க முடியவில்லை. "அந்தாளு மூச்சுக்குத் தவிக்கிறப்ப உனக்கு பட்டன் முக்கியமா போச்சாய்யா? உன் கையைப் பிடிச்சு... ச்சே."

"ஹம்மாத்" என்றார் மேடம். அதட்டவில்லை, பேரை மட்டும்தான் சொன்னார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"கொஞ்ச நேரம்தான்னு நினைச்சேன்" என்றான் ஜோவின். "போய் அழுத்திட்டு வந்துட்டா நான் மறந்தது யாருக்கும் தெரியாது, அதுக்குள்ள ஒண்ணும் ஆயிடாதுன்னு நினைச்சேன். மறந்துட்டேன்னு அப்பவே சொல்லியிருந்தா வேலைதானே போயிருக்கும்."

படியேறி இன்ஸ்பெக்டர் வந்தார். டாக்டரிடம் ரத்தினசாமியின் நிலைமையைக் கேட்டுப்போக வந்தவர். எங்களைப் பார்த்ததும், "இன்னா மேடம், ஏதாவது கிடைச்சுதா? ஜீப் அந்தப் பொண்ணு வீட்டுக்குக் கிளம்பிடுச்சு" என்றார்.

மேடம் எழுந்திருக்கவில்லை. ஜோவினைப் பார்த்தார். "நான் சொன்னா அது நான் கண்டுபிடிச்சதா இருக்கும். நீ சொன்னா நீ சொன்னதா இருக்கும். எது வேணும்னு நீயே பாத்துக்கோ."

அந்த நேரம் பார்த்துத்தான் உள்ளேயிருந்து ரத்தினசாமியின் மனைவி ஹெலன் வந்தார். டாக்டரிடம் பேசிவிட்டு வருகிறார் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. புடவைத் தலைப்பை வாயில் பொத்தியபடி வந்தவர், நேராக ஜோவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"கண்ணு முழிக்கிறது கஷ்டம்ங்கிறாங்கப்பா. மூளைக்குக் காத்து போகாம இருந்துடுச்சாம். இன்னும் கொஞ்சம் முன்னாடி தூக்கியிருந்தா பொழைச்சிருப்பாருன்னு டாக்டர் சொல்றாரு. நான் சொன்னேன், எங்க தம்பி உசுரைக் குடுத்து ஓடினான், அதுக்கு மேல யாரு முன்னாடி போக முடியும்னு."

ஜோவின் அழ ஆரம்பித்தான். ஹெலன் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தார். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. அவன் வாயை மூடிக்கொண்டு இருந்துவிடுவான் என்றுதான் நினைத்தேன். அந்தக் கை முதுகில் இருக்கும்போது எவனால் சொல்ல முடியும்?

"அக்கா, நான் மொதல்ல அண்ணன் கிட்ட போகல" என்றான்.

சொன்னான். ஒன்று விடாமல் சொன்னான். காலையில் பட்டனை மாற்றி மறந்தது, மோகனா சரியாகப் போட்டது, கதவுக்குள் இடது பக்கம் திரும்பியது, பேனலை அழுத்தியது, எல்லாவற்றையும். ஹெலனுக்குப் புள்ளியும் பர்சன்ட்டும் எவ்வளவு புரிந்ததோ தெரியாது. இடது பக்கம் புரிந்துவிட்டது. அவன் முதுகில் இருந்த கை மெதுவாகக் கீழே இறங்கியது.

இன்ஸ்பெக்டர் இரண்டடி தள்ளிப் போய், போனில் பேசினார். "அந்தப் பொண்ணை இறக்கிவிட்டுட்டு ஜீப்பைத் திருப்பு. ஏத்தியாச்சா? ஏத்தினா இறக்கு. அவங்கம்மா கிட்ட நான் சொன்னேன்னு சொல்லு, பொண்ணு மேல தப்பு இல்லன்னு." அதைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நாங்கள் வந்ததே அதற்காகத்தான். ஆனால் என் கண் அந்தப் பெஞ்சை விட்டு நகரவில்லை.

ஹெலன் கத்தவில்லை, அடிக்கவில்லை. ஜோவினை விட்டுக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவன் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"நீ அந்தப் பக்கம் போனப்ப, அவரு உன்னைப் பார்த்தாராப்பா?"

"பார்த்தாரு அக்கா" என்றான் ஜோவின். "பேரைச் சொல்லிக் கூப்ட்டாரு."